பொய்யக்கா ஒரு நாள் விற்ற மீன்

பதினோரு விநாடி ஓடும் ஒரு குரல் பதிவு என் போனில் இன்னும் இருக்கிறது. இதற்குள் மூன்று போன் மாற்றிவிட்டேன். ஒவ்வொரு முறையும் இதைத் தேடிப்பிடித்துப் புதுப் போனுக்குக் கொண்டுவந்துவிடுவேன். முதல் நான்கு விநாடி வெறும் காற்று. போனைக் கடல் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு பேசியிருக்கிறாள். பிறகு ஒரு பெண் குரல்: “இன்னிக்கு ஒண்ணியும் கெடயாது கண்ணு. காத்து சரியில்ல, போட்டு எதுவும் எறங்கல. நீ போய்த் தூங்கு.” சொன்னதை அப்படியே செய்தேன். திரும்பிப் படுத்து இன்னொரு மணி நேரம் தூங்கினேன். என் உத்தியோக வாழ்க்கையின் பெரிய கூத்து அந்த ஒரு மணி நேரத்தில்தான் நடந்தது.

குரலுக்குச் சொந்தக்காரியை ஆபீசில் எல்லோரும் அக்கா என்போம். திருவான்மியூர்க் கடற்கரையை ஒட்டிய குப்பத்தில் மீன் விற்கிறவள். என்னைவிட இரண்டு வயது சின்னவள் என்பது பின்னால்தான் தெரிந்தது. தெரிந்த பிறகும் அக்காதான். இந்த ஊரில் மீன் விற்கிறவள் இருபது வயதிலேயே ஊருக்கெல்லாம் அக்கா ஆகிவிடுகிறாள். அதை யாரும் திருத்த முடியாது. நானோ தரமணியில் ஒரு கட்டடத்தின் நான்காவது மாடியில் இருந்த சின்னக் கம்பெனியில் ஜாவா நிரல் எழுதிக்கொண்டிருந்தேன். அன்று கரைக்கு வந்த மீனை, ஆப்பில் ஆர்டர் கொடுத்தவர்களுக்குச் சுத்தம் செய்து வீட்டிலேயே கொடுப்பதுதான் கம்பெனியின் வேலை. அடையாறு, பெசன்ட் நகர், மந்தைவெளி வரைக்கும் போகும். காலையில் என்ன மீன் வந்திருக்கிறது என்று அக்கா தன் போனில் தட்டிவிடுவாள். ஆப் அதைக் காட்டும். அவ்வளவுதான் தொழில்.

இதில் ஒரு சிறு இடைஞ்சல். நான் மயிலாப்பூரில் ஒரு சைவச் சமையலறையில் வளர்ந்தவள். மீனைத் தொட்டியில்தான் பார்த்திருக்கிறேன். அந்தத் தொட்டியும் கபாலி கோயில் தெப்பக்குளம்தான். வேலை கிடைத்த அன்று அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னபோது, அவள் வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு என் லேப்டாப் பையைப் பார்த்தாள். “மீனைப் பத்தியா எழுதிண்டிருக்கப் போறே? அந்தப் பையை ஆத்துல வாசப்பக்கமே வெச்சுக்கோ” என்றாள். அதிலிருந்து வாசனை வரும் என்று நிஜமாகவே நம்பினாள், பாவம். சம்பளம் வந்த மாதம் பை கூடத்துக்கு வந்தது.

நான் எழுதிய நிரல் செய்ய வேண்டியது இதுதான்: காலையில் அக்காவின் போனிடம் ‘இன்று என்ன மீன்?’ என்று கேட்க வேண்டும், வந்த பதிலை வரிசைப்படுத்த வேண்டும், தீர்ந்துபோனதை எடுத்துவிட வேண்டும். எழுதியது சரியா என்று பார்க்க ஒரு நாளைக்கு ஐம்பது தடவை ஓட்டிப் பார்ப்பேன். ஐம்பது தடவையும் அக்காவைக் கேட்க முடியுமா? மத்தியானத்தில் அவள் தூங்குவாள். தவிர அவள் பதில் நாளுக்கு ஒன்றாக இருக்கும். தப்பாக ஏதாவது வந்தால் தப்பு என் நிரலிலா, கடலிலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்காகத்தான் எங்கள் தொழிலில் மாக் என்று ஒன்று வைத்திருக்கிறோம். ஆள்மாறாட்டம்தான், வேறொன்றுமில்லை. என் நிரலுக்கு அக்காவின் முகம் தெரியாது. ஒரு ஜன்னல் வழியாகக் கேள்வியை நீட்டும், பதிலை வாங்கிக்கொள்ளும். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிஜ அக்காவுக்குப் பதில் ஒரு பொம்மையை உட்கார வைத்து, ‘இப்படிக் கேட்டால் இதைச் சொல்’ என்று முன்கூட்டியே சொல்லிக்கொடுத்துவிட்டால் போதும். நிரலுக்கு வித்தியாசம் தெரியாது. தப்பு வந்தால் அது என் தப்புதான் என்று உடனே தெரிந்துவிடும்.

அந்தப் பொம்மைக்குப் பொய்யக்கா என்று பெயர் வைத்தேன். நல்ல பெண். கேட்ட மாத்திரத்தில் பதில் சொல்வாள், தூங்க மாட்டாள், கோபித்துக்கொள்ள மாட்டாள். எத்தனை தடவை கேட்டார்கள் என்பதையும் எண்ணி வைத்திருப்பாள். என் நிரல் ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டுவிட்டால் டெஸ்ட் தோற்றுச் சிவப்பாகிவிடும். நிஜ அக்காவும் அந்த விஷயத்தில் அப்படித்தான்: “ஒரு தபா சொன்னா காதுல ஏறாதா?” என்பாள். மற்றபடி இரண்டு பேருக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. நிஜ அக்கா மீன் படத்தைத் தட்டச் சொன்னால் குரல் பதிவு அனுப்புவாள். “இரு, வலை இயுத்துக்கினு கீறாங்க” என்று ஒரு பதில் வரும். அதன் பிறகு நாற்பது நிமிடம் சத்தமே இருக்காது. ‘சத்தமே இல்லை’ என்பதை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? நான் சேர்க்கவில்லை. பொய்யக்காவுக்குச் சும்மா இருக்கக் கற்றுக்கொடுக்கவே இல்லை.

பொய்யக்கா சொல்ல வேண்டிய மீன் பட்டியலை நானே உட்கார்ந்து எழுதினேன். வஞ்சிரம், துண்டு போட்டது, ஒரு கிலோ. சங்கரா, சுத்தம் செய்தது, ஒரு கிலோ. இறால், உரித்தது, அரை கிலோ. இன்னும் ஒன்று வேண்டும் என்று தோன்றியது. எங்கேயோ கேள்விப்பட்ட பெயர் நினைவுக்கு வந்தது. நெத்திலி, துண்டு போட்டது, அரை கிலோ. ஆக நான்கு. நாற்பத்திரண்டு டெஸ்ட்டும் இரண்டு விநாடியில் பச்சைப் பசேல் என்று ஓடி முடிந்தன. நிரலைச் சரிபார்த்தவர்கள் அரைப்புள்ளி வரைக்கும் பார்த்தார்கள். மீனை யாரும் பார்க்கவில்லை.

இங்கே அக்காவின் நிலைமையைச் சொல்லியாக வேண்டும். எங்களோடு சேர்வதற்கு முன்னால் அடையாறில் ஏழெட்டுத் தெருவுக்கு அவள் கூடை தூக்கிப் போய்க்கொண்டிருந்தாள். எங்கள் மேனேஜர் அவளைப் பார்த்துப் பேசி, “நீங்க தெருத்தெருவா அலைய வேணாம், கரையில உக்காந்து சொன்னா போதும்” என்று சொல்லிக் கூட்டிவந்தார். அவள் அதை நம்பித் தன் தெருக்களை நாத்தனாருக்குக் கொடுத்துவிட்டாள். கொடுத்த தெருவைத் திருப்பிக் கேட்க முடியாது. குப்பத்தில் அது வழக்கமில்லை. கேட்டால் வீட்டுக்குள்ளேயே சண்டை. இப்போது மேனேஜருக்கு மனசு மாற ஆரம்பித்திருந்தது. குளிர்பதனக் கிடங்கு ஒன்று, முந்தின நாள் சாயங்காலமே பட்டியல் அனுப்பிவிடுகிறோம் என்று ஆசை காட்டியிருந்தது. அக்காவோ பாதி நாள் தாமதம், கால்வாசி நாள் ‘கெடயாது’. மாதக் கடைசியில் அக்காவா கிடங்கா என்று முடிவெடுப்பதாக மேனேஜர் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார். அக்காவுக்கும் அது தெரியும். “என்னைத் தூக்கிட்டாங்கன்னா நான் எங்க போவேன் கண்ணு, எனக்குத்தான் தெருவே இல்லயே” என்று என்னிடம் ஒரு முறை சிரித்துக்கொண்டே கேட்டாள். நான் “சேச்சே, அதெல்லாம் ஒண்ணும் ஆகாது” என்றேன். என்ன தெரிந்து சொன்னேனோ!

அந்த மாதத்தின் மூன்றாவது வாரம் யாரோ பெரிய மனிதர்கள் ஆப்பைப் பார்க்க வந்தார்கள். மத்தியானம் மூன்று மணி. அந்த நேரத்தில் மீன் ஏது? ஆப் காலியாக இருக்கும். மேனேஜர் என் மேஜைக்கு ஓடிவந்து “ஏதாவது பண்ணி நாலு மீனு காட்டும்மா” என்றார். எனக்கு அப்போது வேலை நிரந்தரம் ஆகாத காலம். மேனேஜர் மலையைத் தூக்கச் சொன்னாலும் எத்தனை அடி என்று கேட்டிருப்பேன். டெஸ்ட்டுக்குள் மட்டும் இருக்க வேண்டிய பொய்யக்காவை வெளியே கூட்டிவந்து, நிஜ ஜன்னலுக்குப் பின்னால் உட்கார வைத்தேன். அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரிதான் மாற்ற வேண்டியிருந்தது. வந்தவர்கள் பார்த்தார்கள், தலையாட்டினார்கள், காபி குடித்தார்கள், போனார்கள். அன்று பிரதோஷம். அம்மா சீக்கிரம் வரச் சொல்லியிருந்தாள். ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் அந்த ஒரு வரியைத் திருப்பி மாற்றாமலே போய்விட்டேன். கோயில் கூட்டத்தில் ரிஷபத்தைப் பார்க்க எக்கிக்கொண்டு நின்றபோதுகூட நினைவு வரவில்லை.

மறுநாள் விடிகாலையில்தான் அந்தப் பதினோரு விநாடி வந்தது. மீன் இல்லை, ஆப் காலியாக இருக்கும், ஆர்டர் வராது, ஆனந்தம் என்று தூங்கினேன். பொய்யக்கா தூங்கவில்லை. அவளுக்குக் காற்றும் தெரியாது, கடலும் தெரியாது. கேட்ட அத்தனை பேருக்கும் வஞ்சிரம், சங்கரா, இறால், நெத்திலி என்று மாறாத புன்னகையோடு சொல்லிக்கொண்டே இருந்தாள். எடுக்க எடுக்கக் குறையவும் இல்லை. நான் ஆபீஸ் போய்ச் சேர்ந்தபோது முப்பத்தொரு ஆர்டர் நின்றுகொண்டிருந்தது. கையில் ஒரு செதில் கிடையாது.

மேனேஜர் அக்காவை வரச் சொல்லியிருந்தார். அவள் எனக்கு முன்பே வந்து, ரிசப்ஷன் சோபாவில் உட்காராமல் அதன் பக்கத்தில் நின்றாள். மேனேஜர் பிடிபிடி என்று பிடித்தார். இல்லாத மீனை இருக்கிறது என்று எப்படிப் போடலாம், எத்தனை பேருக்குப் பதில் சொல்வது, இதற்குத்தான் கிடங்கே மேல் என்று சொன்னது, இந்த மாதத்தோடு போதும். அக்கா “நான் ஒண்ணியும் போடல சார், கெடயாதுன்னு தான சார் சொன்னேன்” என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். எனக்கு வாசலைத் தாண்டும்போதே புரிந்துவிட்டது. எதிரே இருந்த திரையில் ‘நெத்திலி, துண்டு போட்டது’ என்று நின்றது. யார் வார்த்தை அது! என் போனில் அவளுடைய குரலே சாட்சியாக இருக்கிறது. வாயைத் திறந்து ஒரு வாக்கியம் சொன்னால் போதும். நான் சொல்லவில்லை. வேலை போய்விடும் என்ற பயம். அம்மா பையை மறுபடி வாசலுக்கு அனுப்பிவிடுவாள் என்றெல்லாம் கன்னாபின்னாவென்று ஓடியது மனசு. எதிரே சுவரில் கடிகாரம் இருந்தது. அதனால் கணக்காகத் தெரியும்: ஏழு நிமிடம். ஏழு நிமிடம் அந்த மனுஷி எனக்காகத் திட்டு வாங்கினாள்; நான் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டு நின்றேன். இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

கடைசியில் அக்கா, “எங்க சார், நான் இன்னா போட்டேன்னு காட்டுங்க” என்று மேனேஜரின் போனை வாங்கினாள். எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தாள். வஞ்சிரம். சங்கரா. இறால். நான்காவது வரியில் நின்றாள். மறுபடி படித்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு! சோபாவின் முதுகைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். திட்டு வாங்கிக்கொண்டிருந்தவள் சிரித்ததும் மேனேஜருக்குத் திட்டுவதே மறந்துவிட்டது.

“சார், நெத்திலி எம்மாம் பெருசு தெரியுமா?” என்று தன் சுண்டுவிரலைக் காட்டினாள். “இதப் போயி துண்டு போட்டா இன்னா சார் மிஞ்சும்? தலையக் கிள்ளிப்புட்டு அப்பிடியே அலசிப் போடுவாங்க. எங்க குப்பத்துல மூணு வயசுக் கொயந்தகூட இப்பிடிச் சொல்லாது. இத எயுதின கை மீனு தின்ன கை இல்ல சார்.”

அந்த மாடியில் இருந்தவர்களில் தினமும் தயிர்சாதமும் வடுமாங்காயும் கொண்டுவருகிறவள் ஒருத்திதான். அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. அதற்கப்புறம்தான் எனக்கு வாய் திறந்தது. “நான்தான் சார். அது அக்கா இல்ல, என் பொய்யக்கா. நேத்து வந்தவங்களுக்குக் காட்டினதைத் திருப்பி மாத்தல” என்றேன். போனை எடுத்து அந்தக் குரல் பதிவையும் போட்டுக் காட்டினேன். மேனேஜருக்கு முகம் எப்படியோ ஆயிற்று. நாலு மீன் காட்டச் சொன்னது அவர்தானே. என்னைத் திட்ட ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார், அக்காவைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார். “சரி, இப்ப இந்த முப்பத்தொண்ணுக்கும் யாரு பதில் சொல்றது?” என்றார்.

“குடு சார், நான் சொல்றேன்” என்றாள் அக்கா.

நாங்கள் எண்ணைப் போட்டுக் கொடுக்கக் கொடுக்க அவள் பேசினாள். தெருவில் கூவிப் பழகிய குரலுக்கு ஸ்பீக்கர் தேவையே இல்லை. “அம்மா, மீனுக்கு ஆர்டர் போட்டிருந்தீங்களே, இன்னிக்குக் கடல்ல காத்தும்மா, ஒரு போட்டும் போகல. ஐஸ் மீனு குடுத்து ஏமாத்த இஸ்டம் இல்ல. நாளிக்கு நானே பாத்து எடுத்து வைக்கிறேன்.” முதல் இரண்டு பேர் சிடுசிடுத்தார்கள். மூன்றாவது எண்ணில் ஒரு வயதான அம்மாள், “ஏய், நீ நம்ம கூடைக்காரப் பொண்ணு இல்ல? எங்கடி போன இத்தனை நாளா? தெருப்பக்கமே காணோம்!” என்று கத்தினார். “இங்கதாம்மா, கம்பூட்டர்ல கீறேன்” என்றாள் அக்கா. நாங்கள் சிரித்தது அந்தப் பக்கம் கேட்டிருக்கும். அதன் பிறகு இப்படி எட்டுப் பத்து பேர். யாருக்கு முள் ஆகாது, யார் வீட்டில் வெள்ளிக்கிழமை சமைக்க மாட்டார்கள், யார் மகன் வெளியூரிலிருந்து வருகிறான் எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆப்பில் இத்தனை மாதமாக நாங்கள் சேர்த்து வைத்திருந்த எந்தத் தகவலிலும் அது கிடையாது. நாங்கள் கேட்டதும் இல்லை. ஆறு பேர்தான் ஆர்டரை வேண்டாம் என்றார்கள். மற்றவர்கள் நாளைக்கு என்று சொல்லிவிட்டார்கள்.

மேனேஜர் மன்னிப்புக் கேட்கிற ரகம் இல்லை. கடைசி போன் முடிந்ததும் அக்காவுக்கு டீ சொன்னார். பிறகு கிடங்குக்காரரைக் கூப்பிட்டு, பட்டியல் அனுப்ப வேண்டாம், நாங்கள் வேறு ஏற்பாடு செய்துகொண்டோம் என்று அவள் காதில் விழும்படி சொன்னார். அக்கா டீயை ஊதிக் குடித்தாள். அந்த வாரமே அவள் குரலை அப்படியே ஆப்பில் போட ஏற்பாடு செய்தோம். காலையில் திறந்தால் கடல் காற்றோடு அவளே பேசுவாள். எனக்கு வேலை நிரந்தரம் மூன்று மாதம் தள்ளிப்போயிற்று. அம்மாவிடம் காரணம் சொன்னபோது, “நெத்திலின்னா என்னடி?” என்று கேட்டாள். சுண்டுவிரலைக் காட்டினேன். “சிவ சிவா” என்று உள்ளே போய்விட்டாள்.

அந்தக் கூத்து நடந்த அன்று மத்தியானம் அக்காவை ரயில் நிலையம் வரைக்கும் கொண்டுவிடப் போனேன். வழியெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நடந்தேன். உங்கள் பெயரில் நான் பொய் சொல்லிவிட்டேன், ஒரு வரியை மாற்ற மறந்துவிட்டேன் என்று புலம்பித் தீர்த்தேன். அவள் நின்றாள். முதல் தடவையாக என்னைக் கண்ணு என்று சொல்லவில்லை.

“மறதி எல்லாருக்கும் வரும்மே. எம் பேர்ல நீ பொய்யக்கா வெச்சதுக்கும் எனக்குக் கோவம் இல்ல, சிரிப்புத்தான் வர்து. ஆனா அந்த ஆளு என்னிய நிக்க வெச்சுத் திட்டிக்கினே இருந்தாரே, நீ பாத்துக்கினு சும்மாத்தான நின்ன? உனுக்குத் தெரியும்ல? அதாம்மே எனக்கு ஆறல.”

நடுரோட்டில் அழுதுவிட்டேன். “ஐய, அயுவாத, நான்தான் அடிச்சேன்னு நெனப்பானுங்க” என்று அவளே இழுத்துக்கொண்டு போய் இளநீர் வாங்கிக் கொடுத்தாள். அதற்கப்புறம் அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

இரண்டு வருடத்தில் அந்தக் கம்பெனியைப் பெரிய கம்பெனி ஒன்று வாங்கிக்கொண்டது. அக்கா வாங்கப்படவில்லை, அவளுக்குத் தேவையும் இருக்கவில்லை. குரலைக் கேட்டுப் பழகிய வீடுகள் நேராக அவளையே கூப்பிட ஆரம்பித்துவிட்டன. இப்போது குப்பத்துப் பெண்கள் ஐந்து பேர் அவளோடு வேலை செய்கிறார்கள். நான் இப்போதும் தரமணியில்தான், இரண்டு கட்டடம் தள்ளி. மாக் எழுதாத நாளே கிடையாது. எழுதத்தான் வேண்டும், அது இல்லாமல் ஒரு நிரலைத் தனியாக நிறுத்திச் சோதிக்க முடியாது. இப்போதெல்லாம் ஒரு பொம்மையை உட்கார வைப்பதற்கு முன்னால், நிஜ ஆளிடம் போய், ‘உங்களிடம் ஒன்றும் இல்லாத நாளில் என்ன சொல்வீர்கள்?’ என்று கேட்டுவிட்டு வருகிறேன். பாதிப் பேர் என்னை விநோதமாகப் பார்க்கிறார்கள்.

அப்படியும் போன மாதம் ஒரு தப்பு. வேறொரு குழுவின் சர்வர், தர ஒன்றும் இல்லாத நேரத்தில் வெற்றுப் பட்டியல் தரும் என்று மாக்கில் எழுதியிருந்தேன். நிஜத்தில் அது ஒன்றுமே தராமல் நின்றுவிட்டது. ஒரு நாள் முழுக்கத் தகராறு. மீட்டிங்கில் சோதனைக் குழுவிலிருந்த ஒரு பெண்ணை நிற்க வைத்து, “நீ எப்படி இதைப் பாக்காம விட்டே?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். என் மாக்கில் அந்த நிலைமையே கிடையாது; அவள் பார்ப்பதற்கு நான் எதையும் வைத்திருக்கவில்லை. எழுந்து நின்று, அது என் மாக், என் தப்பு, அவளைக் கேட்காதீர்கள் என்று சொல்லிவிட்டேன். யாரும் என்னைக் கடித்துத் தின்றுவிடவில்லை.

சாயங்காலம் படியிறங்கும்போதே அக்காவுக்குப் போன் போட்டேன். அத்தனை வருடத்துக்குப் பிறகு அவளிடம் சொல்ல எனக்கு ஒரு நல்ல சேதி இருந்தது. மூச்சு விடாமல் முழுக் கதையையும் சொன்னேன். பின்னால் பெண்கள் சத்தமும் கத்தி தீட்டும் சத்தமும் கேட்டன. பொறுமையாகக் கேட்டாள்.

“எம்மா நேரம் சும்மா நின்ன?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “அரை நிமிஷம் இருக்கும்க்கா” என்றேன்.

“அந்த அரை நிமிசம் இன்னாத்துக்கும்மே?” என்றாள் அக்கா.